சாந்தாமேரியின் தடம்

பழனிசாமிக்குச் சாந்தாமேரி மேல் பதினோரு வருஷக் கோபம். சும்மா வந்து போகிற கோபம் இல்லை. பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி, வாய் சும்மா இருக்கும்போதெல்லாம் நாக்கு போய்த் தொட்டுப் பார்க்கிற கோபம்.

அது பிடித்தது எழுபத்தொன்பதாம் வருஷம் மே மாதம், ஏற்காடு பஸ் ஸ்டாண்டில். பழனிசாமி அடிவாரத்துக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன். அப்புறம் மலைக்கு வந்து பழைய ஜீப் ஒன்றைப் பிடித்து, வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவதைத் தொழிலாக்கிக்கொண்டான். அன்றைக்கு மெட்ராஸிலிருந்து வந்த எட்டுப் பேர் கொண்ட குடும்பம் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி என்று எல்லாம் பேசி முடிந்தது. சாவியைத் திருகினான். அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்புக் குடை வண்டிக்குக் குறுக்கே நீண்டது.

“ஏனுங்க, மெட்ராஸுங்களா? இதுல போனா முன்னால போற வண்டியோட புழுதியத்தான் பாக்கலாமுங்க. எறங்கி நடந்து வாங்க, காட்டெருமை காட்டறேன்.”

குடையைப் பிடித்திருந்தவள் கறுத்த, தடித்த பொம்பளை. நாற்பதை ஒட்டிய வயசு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, இடுப்பில் வெற்றிலைப் பை. பழனிசாமி திட்ட வாயைத் திறப்பதற்குள் அந்தக் குடும்பத்துப் பெரியவர் இறங்கிவிட்டார். பின்னாலேயே பிள்ளைகள் குதித்தார்கள். கடைசியாக ஒரு மாமி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, “தப்பா நினைச்சுக்காதேப்பா” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அதுதான் அவனுக்கு அதிகம் எரிந்தது.

ஸ்டாண்டில் அன்றைக்கு ஒன்பது ஜீப்புகள் நின்றன. மற்ற எட்டு டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஏன்டா பழனி, பெட்ரோலு மிச்சம் போ” என்றான் பெரியசாமி. அன்று சாயங்காலத்துக்குள் பழனிசாமிக்குப் பேர் ‘காலி ஜீப்பு’ என்றாகிவிட்டது. அந்தப் பேர் ஒட்டினது ஒட்டினதுதான். தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில்கூட, “எந்தப் பழனிசாமி? காலி ஜீப்பா?” என்று கேட்டார்கள்.

எதிரியைப் பற்றி ஒருவன் தெரிந்துவைத்திருக்கும் அளவுக்குச் சொந்தக்காரனைப் பற்றிக்கூடத் தெரிந்துவைத்திருப்பதில்லை. சாந்தாமேரியின் கதை மொத்தமும் பழனிசாமி விரல்நுனியில் வைத்திருந்தான். எங்காவது ஒரு குறை அகப்படாதா என்றுதான் விசாரிக்க ஆரம்பித்தான். குறை அகப்படவில்லை, கதைதான் சேர்ந்தது.

அவள் பிறந்தது மஞ்சக்குட்டைப் பக்கம், எஸ்டேட் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில். அப்பன், ஆத்தாள் இருவரும் காப்பிப் பழம் பறித்தவர்கள். அருள்சாமி என்ற எஸ்டேட் வாட்ச்மேனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மூன்றாம் வருஷம் அவன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். குழந்தை இல்லை. டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் துணி துவைக்கிற வேலை கிடைத்தது. விடிகாலை பஸ் கிடையாது. ஆறு மணிக்குக் கிளம்பி, மஞ்சக்குட்டையிலிருந்து சோலைக்காட்டுக்குள் இறங்கி, இரண்டு ஓடை தாண்டி, சேத்துப்பள்ளம் என்று சொல்கிற ஈர நிலத்தின் ஓரமாகவே வந்து, ஏரியின் மேல்கடைசியில் ஏறுகிற ஒற்றையடித் தடம் ஒன்று இருந்தது. நாலு மைல். சந்தைக்குக் கொய்யாவும் கீரையும் சுமந்து வருகிற பெண்டுகள் காலங்காலமாக நடந்த தடம். அதில் பன்னிரண்டு வருஷம் போக வர நடந்தாள்.

காட்டை ஆசைப்பட்டு அவள் படிக்கவில்லை. உயிருக்குப் பயந்து படித்தாள். எந்தப் புல்மேட்டில் காட்டெருமை படுத்திருக்கும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் அதற்கு மனுஷ வாடை போகாது, எந்தக் குரங்கு கத்தினால் பக்கத்தில் சிறுத்தை நடமாட்டம் என்று தெரியாமல் அந்தத் தடத்தில் தினமும் போக முடியாது. தெரிந்துகொண்டதற்கெல்லாம் தானே பேர் வைத்தாள். ஒற்றைக் கொம்பு மழுங்கிய கிழட்டுக் காட்டெருமைக்கு ‘ஹெட்மாஸ்டர்’. விடியற்காலை ஓடைக்கல்லில் உட்கார்ந்து மனுஷன் மாதிரியே சீட்டியடிக்கிற நீலக்குருவிக்கு ‘ரைட்டர்’. எஸ்டேட்டில் காலையில் ஆள் எண்ணுகிற ரைட்டர் அப்படித்தான் சீட்டியடித்துக்கொண்டே பேர் போடுவாராம். பிற்காலத்தில் ஒரு காலேஜ் வாத்தியார் புத்தகத்தை விரித்துக் காட்டி, அந்தக் குருவியின் பேர் வேறு என்று திருத்தினார்.

“அது உங்க ஊட்டுப் பேருங்க,” என்றாள் சாந்தாமேரி. “இங்க அதுக்கு ரைட்டருங்க. கூப்புட்டுப் பாருங்க, எந்தப் பேருக்குத் திரும்புதுன்னு.”

எழுபத்தேழில் ஹாஸ்டலில் துணி துவைக்கிற மெஷின் வந்து இறங்கியது. மூன்று பேருக்கு வேலை போனது. மற்ற இருவரும் காப்பிக்காட்டுக்குப் பழம் பறிக்கத் திரும்பினார்கள். சாந்தாமேரி ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இங்கே கூலிக்குப் போய்ப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஜீப் டிரைவர்கள் நடுவில் நின்று, நடக்க ஆள் கூப்பிட்டாள். மலையில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஒரு தொழில் பார்த்ததில்லை.

அவளோடு நடக்கப் போகிறவர்களுக்குச் சட்டம் உண்டு. மல்லிகைப்பூ கூடாது. கொலுசைக் கழற்றிப் பையில் போட வேண்டும். சிவப்புச் சேலை கட்டியவள் மேலே துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டும். பேசினால் குடைக்காம்பால் தோளில் ஒரு தட்டு. கலெக்டர் ஆபீஸ் பெரிய மனிதர் ஒருவரையே தட்டியிருக்கிறாள் என்று பேச்சு. வழியில் இரண்டு பாறைக்கு நடுவே தழைக்கல் இருக்கும். அந்தத் தடத்தில் போகிறவர் யாரானாலும் ஒரு பச்சைத் தழையை ஒடித்து அந்தக் கல்மேல் போட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும் என்பது மலைவழக்கம். தழை இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். சாந்தாமேரி சிலுவை போட்டுக்கொண்டு தழையும் போடுவாள்.

“மாதா கோயிலுக்குப் போறவ கல்லுக்குத் தழை போடறாளாமா,” என்று பழனிசாமி ஒரு நாள் டீக்கடையில் சத்தமாகச் சொன்னான்.

அவள் டீயை ஊதிக்கொண்டே திரும்பினாள். “மாதா கோவிச்சுக்க மாட்டாங்கப்பா டைவரு. அவுங்களும் நொம்பத் தூரம் நடந்தவங்கதான். நீ வேணா உன்ற ஜீப்புக்கு ஒரு தழை போட்டுப் பாரு, ஆளு ஏறுதான்னு.”

கடை முழுவதும் சிரித்தது. பழனிசாமி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

எண்பத்தைந்தாம் வருஷம் பொறுக்க முடியாமல் மனு போட முடிவு பண்ணினான். ‘வெறுமனே எழுதினா குப்பைக்குப் போயிரும், தேதியும் கணக்கும் இருக்கோணும்’ என்று மனு எழுதுகிறவர் சொன்னார். ஆகவே பழனிசாமி காலையில் ஜீப்பை மேல்வளைவில் நிறுத்தினான். கீழே சேத்துப்பள்ளமும் அதன் ஓரத்துத் தடமும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். இத்தனாம் தேதி, இத்தனை மணி, இத்தனை தலை என்று ஒரு நோட்டில் குறித்தான். இருபத்தேழு நாள் அப்படிக் குறித்தான்.

குறிக்கத்தான் போனான். ஆனால் ஒரு நாள், ஒன்பது பேர் அந்தப் பள்ளத்து ஓரத்தில் சிலை மாதிரி நின்றதைப் பார்த்தான். கைக்குழந்தைகூட அழவில்லை. முக்கால் மணி நேரம் நின்றார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்று இவனும் கழுத்தை நீட்டினான். கோரைக்குள்ளிருந்து ஹெட்மாஸ்டர் எழுந்து, ஈரம் சொட்டச் சொட்ட, யாரையும் மதிக்காமல் தடத்தைக் கடந்து மேட்டில் ஏறிப் போனது. வெயில் அதன் முதுகில் பட்டு ஆவி பறந்தது. பழனிசாமி நோட்டில் ‘ஒன்பது தலை’ என்று மட்டும் எழுதினான். எருமையைச் சேர்க்கவில்லை.

மனு தாலுகா ஆபீஸுக்குப் போனது. முத்திரை குத்தின நகல் ஒன்று கையில் கொடுத்தார்கள். பதில் வரவில்லை. நகலை மடித்து, ஆர்.சி. புக்கோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜீப்பில் வைத்துக்கொண்டான். வண்டி எங்கே போனாலும் அதுவும் போனது.

எண்பத்தொன்பது ஆடியில் அந்தத் தடம் ஓடுகிற எஸ்டேட் கைமாறியது. வாங்கினவர் மலைக்கே வராத ஆள். மேனேஜராக ராமசாமி என்பவர் வந்தார். ஐப்பசிக்குள் ஏரிப்பக்கம் ஒரு இரும்புக் கேட், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு இரும்புக் கேட், நடுவெல்லாம் முள்கம்பி. சேத்துப்பள்ளத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டு, அங்கே விருந்தாளிகள் தங்க வீடுகள் கட்டப்போவதாகப் பேச்சு அடிபட்டது. சந்தைக்காரப் பெண்டுகள் தலைச்சுமையோடு ரோட்டைச் சுற்றி ஏழு மைல் நடந்தார்கள். சாந்தாமேரி கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சேலத்துக்குப் பஸ் ஏறி, மனு கொடுத்துவிட்டு வந்தாள்.

வர்ற தை மாதம் தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார் என்று தாக்கல் வந்தது. தடம் பொதுவழிதான் என்று அவள் காட்டிவிட்டால் கேட்டை எடுக்க வேண்டும். காட்டாவிட்டால் தடமும் போச்சு, பள்ளமும் போச்சு, அவள் தொழிலும் போச்சு.

மார்கழிக் கடைசியில் மேனேஜர் ராமசாமி பழனிசாமியைத் தேடி ஸ்டாண்டுக்கே வந்தார். ஓரமாகக் கூப்பிட்டுப் போய்த் தோளில் கை போட்டார்.

“ஏப்பா, உனக்கும் அந்தப் பொம்பளைக்கும் ஆகாதாமா?”

“ஊருக்கே தெரியுமுங்க.”

“அப்ப ஒரு சின்ன ஒத்தாசை. தாசில்தார் கேட்டா, எல்லாரும் ஜீப்புலதான் போறாங்க, அந்தக் காட்டு வழியில ஆள் நடமாட்டமே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ டைவரு, உன் பேச்சு எடுபடும். அப்புறம் வர்ற ஆளெல்லாம் உன் வண்டிதான்.”

பழனிசாமிக்குக் கரும்பு தின்னக் கூலியா என்றிருந்தது. பதினோரு வருஷம் காத்திருந்த சொல்லை எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். “வந்துர்றேனுங்க” என்றான்.

தாசில்தார் வந்த அன்றைக்குப் பனி பத்து மணிவரை விலகவில்லை. ஏரிப்பக்கத்துக் கேட்டுக்கு முன்னால் சில்வரோக் மரத்தடியில் மேஜை போட்டிருந்தது. ஒரு பக்கம் மேனேஜரும் எஸ்டேட் ஆட்களும். இன்னொரு பக்கம் சாந்தாமேரி, மஞ்சக்குட்டைத் தங்கம்மா, சந்தைக்காரப் பெண்டுகள் பத்துப் பேர். வேடிக்கை பார்க்க ஜீப் டிரைவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தாசில்தார் சமவெளிக்காரர், கனத்த உடம்பு. மலைக்குளிருக்கு மப்ளர் சுற்றியிருந்தார்.

“முதல்ல வழியைக் காட்டும்மா,” என்றார்.

கேட்டைத் திறந்தார்கள். சாந்தாமேரி குடையோடு முன்னால் நடந்தாள். எல்லாரும் பின்னால் வரிசையாகப் போனார்கள். அவள் நேராகத் தழைக்கல்லுக்குத்தான் கூட்டிப் போனாள். அதுதான் அவளுடைய சாட்சி. ஆள் நடக்காத வழியில் இடுப்பு உயரத்துக்குத் தழை ஏன் குவிகிறது என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு நிற்கப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு பாறைக்கு நடுவே தழை இல்லை. கல்லும் இல்லை. கருகிய மண். அதன்மேல் புதுசாக நட்ட காப்பிக் கன்றுகள் நாலு.

சாந்தாமேரி நின்றுவிட்டாள். வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

“குப்பையக் கூட்டி எரிச்சமுங்க சார்,” என்றார் மேனேஜர். “எஸ்டேட்ல அது வழக்கந்தானுங்களே.”

தங்கம்மா மண்ணை அள்ளித் தூற்றப் போனாள். சாந்தாமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சாபம் வுடாத புள்ள. நடப்போம்” என்றாள்.

சேத்துப்பள்ளத்துக்கு வந்தார்கள். சருகு மூடிக் கிடந்த ஈரத்தில் தாசில்தார் காலைத் தூக்கி வைக்கப் போனார். அவர் நெஞ்சுக்குக் குறுக்கே குடை நீண்டது.

“சித்த நில்லுங்க சாமி.”

“என்னம்மா?”

“கீழ பாருங்க. உங்க சூவுக்கு ஒரு சாண் முன்னால.”

தாசில்தார் பார்த்தார். சருகுதான் தெரிந்தது. குனிந்து பார்த்தார். சருகுக்கு நடுவே ஒரு கறுப்புக் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் நீட்டு மூக்கு தெரிந்தது, அப்புறம் காய்ந்த இலைநிறத்தில் உடம்பு. அவர் மூச்சை விட்டார். விட்டதுதான் தாமதம், அது படபடவென்று எழுந்து, மரங்களுக்கிடையில் வளைந்து வளைந்து பறந்து மறைந்தது.

“இது என்ன?” என்றார் தாசில்தார். அதிகாரி குரல் எங்கேயோ போய்விட்டது.

“மண்குத்திங்க. மார்கழிக்கு வரும், மாசிக் கடைசியில போயிரும். ராவெல்லாம் இந்தச் சேத்துல மூக்க வுட்டுப் புழு எடுக்கும். எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா வருசா வருசம் இதே பள்ளத்துக்குத்தான் வருது. சேறு காஞ்சா வராதுங்க.”

“குருவி வந்து போறதுக்கெல்லாம் பொதுவழின்னு பேரு வைக்க முடியாதுங்களே சார்,” என்றார் மேனேஜர்.

தாசில்தார் சிரித்துவிட்டார். ஆனால் திரும்பி நடக்கும்போது சாந்தாமேரியிடம் சொன்னார். “அழகான இடம்தாம்மா. ஆனா நான் பாக்க வேண்டியது, ஆள் நடந்ததுக்கு ஆதாரம். இந்தப் பொம்பளைங்க சொல்றது வாய்ப்பேச்சு. உன் சிநேகிதக்காரங்கன்னு எதிர்த்தரப்பு சொல்லிடும். காகிதம் ஏதாவது இருக்கா?”

“காயிதத்துக்கு எங்க போவேன் சாமி? கால்ல நடந்தமே, காயிதத்துலயா நடந்தோம்?”

மறுபடி சில்வரோக் மரத்தடி. மேனேஜர் பழனிசாமியைக் கையசைத்து முன்னால் கூப்பிட்டார். “இவரு பதினாலு வருசமா இங்க ஜீப் ஓட்டறாருங்க சார். எஸ்டேட்டுக்குச் சம்பந்தமில்லாத ஆளு.”

தாசில்தார் நிமிர்ந்தார். “சொல்லுப்பா. இந்த வழியில ஆள் நடமாட்டம் கிடையாதாமே?”

பழனிசாமி சாந்தாமேரியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழனிசாமி என்ன சொல்லப் போகிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கும் இல்லை. ‘இல்லீங்க’ என்ற ஒரு சொல். நாக்கு நுனியில் தயாராக நின்றது.

அப்போது பின்னால் பெரியசாமி யாரிடமோ கிசுகிசுத்தான். “ஆளே நடக்கலீன்னா, நம்ம காலி ஜீப்பு எதனாலடா காலியா நின்னுச்சு?”

பழனிசாமிக்கு முதுகில் தண்ணீர் ஊற்றினது மாதிரி இருந்தது. உண்மைதானே. தடத்தில் யாரும் நடக்கவில்லை என்றால், அவன் சவாரியை யார் கொண்டுபோனது? யாரும் கொண்டுபோகவில்லை என்றால், அவன் வண்டியில் ஏற ஆளே இல்லை என்றுதானே அர்த்தம்? பதினோரு வருஷமாக இல்லாத ஒன்றோடு சண்டை போட்டவன் என்றுதானே ஊர் சொல்லும்? அவள் தடம் போனால் போகட்டும். அவன் கோபம் பொய்யாவதா? மலைமேல் அவன் சொந்தமாகச் சேர்த்துவைத்த சொத்தே அது ஒன்றுதான்.

“நடக்கறதில்லைன்னு எந்தப் பயலுங்க சொன்னான்?” என்றான்.

மேனேஜர் முகம் மாறியது. “பழனிசாமி, யோசிச்சுப் பேசு.”

“பதினோரு வருசமா அதத்தானுங்க யோசிச்சுட்டு இருக்கறேன்.” தாசில்தார் பக்கம் திரும்பினான். “சார், இந்தப் பொம்பளை எழுவத்தொம்போதுல இருந்து என்ற வண்டியில ஏற வேண்டிய ஆளையெல்லாம் இந்தத் தடத்துலதானுங்க ஓட்டிட்டுப் போறா. நாளுக்கு ஏழு பேரு, எட்டுப் பேரு. லீவு நாள்ல இருபது பேரு. நான் வாயால சொல்லலீங்க. இருங்க, வர்றேன்.”

ஜீப்புக்குப் போனான். பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டான். தாசில்தார் மடிப்பைப் பிரித்தார். முத்திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவருடைய சொந்த ஆபீஸ் முத்திரை.

சத்தமாகவே படித்தார். “‘மேற்படி சாந்தாமேரி என்பவர் ஏரி மேல்கடைசியிலிருந்து சேத்துப்பள்ளம் வழியாக மஞ்சக்குட்டை செல்லும் பொதுத் தடத்தில்...’ பொதுத் தடம்னே போட்டிருக்கே. ‘ஏப்ரல் ரெண்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு ஆறு நபர்களையும், மூன்றாம் தேதி ஏழு மணிக்குப் பதினொரு நபர்களையும், மற்றும் சந்தைக்குச் செல்லும் பெண்கள் பதினான்கு பேர்...’ இதை யாருப்பா எண்ணினது?”

“நானேதானுங்க. மேல்வளைவுல வண்டிய நிறுத்திட்டு.”

“இருபத்தேழு நாளா?”

“இருவத்தேழு நாளுமுங்க. சந்தேகமிருந்தா நோட்டும் ஊட்ல இருக்குது.”

முதலில் சிரித்தது தங்கம்மா. அப்புறம் பெண்டுகள், அப்புறம் டிரைவர்கள். சாந்தாமேரி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக நடந்து வந்து மேஜைமேல் இருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் மெல்ல. விரலை வைத்து இரண்டு மூன்று வரி படித்தாள். பிறகு குடையை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஏப்பா டைவரு, என்னைய இப்பிடி உக்காந்து எண்ணுனியா நீ? கட்டுனவன்கூட என்னைய இருவத்தேழு நாளு ஒட்டுக்காப் பாத்ததில்லையே.”

“சிரிக்காத,” என்றான் பழனிசாமி. “உன்ற மேல எனக்குக் கோவம் தீரல. அதத் தெரிஞ்சுக்க.”

“தீர வேண்டாஞ் சாமி. தீராம இருந்ததுதான் நல்லதாப் போச்சு.”

மேனேஜர் ராமசாமி காகிதத்தை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். சாட்சியைக் கூட்டிவந்தது அவரேதான்.

மூன்றாம் வாரம் ஆர்டர் வந்தது. தடம் பொதுவழி. ஆறடி அகலத்துக்கு விட வேண்டும். இரண்டு கேட்டையும் எடுக்க வேண்டும். தடத்தை ஒட்டின பள்ளத்தில் நீரை வடிக்க வாய்க்கால் வெட்டக் கூடாது. ஆர்டரில் ஆதாரம் என்ற இடத்தில், ‘வாகன ஓட்டுநர் பழனிசாமி என்பவரின் 1985ஆம் ஆண்டுப் புகார் மனு’ என்று எழுதியிருந்தது. சாந்தாமேரி அந்த வரியை ஸ்டாண்டில் நின்று எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

கேட்டைப் பெயர்த்த அன்றைக்குச் சந்தை நாள். மஞ்சக்குட்டையிலிருந்து தலைச்சுமையோடு பெண்டுகள் இறங்கினார்கள். ஏரிப்பக்கமிருந்து சாந்தாமேரி ஏறினாள். அவள் பின்னால் ஹாஸ்டல் பிள்ளைகள், பள்ளிக்கூட வாத்திச்சிகள், வெளியூர் ஆட்கள், கடைக்காரர்கள் என்று வந்தார்கள். ஒன்பது ஜீப்பையும் ஸ்டாண்டில் அப்படியே போட்டுவிட்டு டிரைவர்கள் ஒன்பது பேரும் வந்தார்கள். மலைமேல் அன்றைக்கு மத்தியானம்வரை ஜீப் கிடையாது. இரண்டு பாறைக்கு நடுவே வந்ததும் பெரியசாமியும் இன்னும் இருவரும் ஓடையிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். காப்பிக் கன்று நாலையும் வேரோடு பிடுங்கி, மேட்டில் பத்திரமாக நட்டு வைத்தாள் சாந்தாமேரி. “செடி என்ன பாவம் பண்ணுச்சு” என்றாள். பிறகு ஆளுக்கு ஒரு தழை விழுந்தது. கடைசி ஆள் தாண்டும்போது கல் மறைந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்குப் பச்சை.

பழனிசாமி தழை போட்டானா என்று அப்புறம் ஸ்டாண்டில் பெரிய தர்க்கம். இவன் இல்லை என்றான். தங்கம்மா தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் பண்ணினாள்.

அப்புறம் ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. நடக்க வருகிறவர்களைப் பழனிசாமி ஏரிமேட்டில் இறக்கிவிடுவான். மஞ்சக்குட்டையில் அவர்கள் வெளியே வரும் நேரத்துக்குப் போய்க் காத்திருந்து ஏற்றிக்கொண்டு வருவான். போகும்போது பேசிக்கொண்டு போகிறவர்கள் வரும்போது பேச மாட்டார்கள். அந்த மௌனம் பழனிசாமிக்குப் பிடித்திருந்தது, வெளியே சொன்னதில்லை. சாந்தாமேரியோடு அவன் சண்டையும் நிற்கவில்லை. ஆள் தாமதமாக வந்தால் திட்டுவான். சேற்றுக்காலோடு வண்டியில் ஏற்றினால் திட்டுவான். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “எழுதிக்கப்பா, தேதி போட்டு எழுதிக்க” என்பாள். தொண்ணூற்று மூன்றில் அவளோடு நடந்த ஒரு கூட்டத்தார், காட்டில் உள்ளதுக்கெல்லாம் அவள் வைத்த பேர்களைக் கேட்டு எழுதி, ஒரு சின்னப் புத்தகமாகவே போட்டார்கள். மொத்தம் நூற்றுப் பதினாறு பெயர்கள். அதில் ரைட்டரும் இருந்தார், ஹெட்மாஸ்டரும் இருந்தார். அவள் அதை எப்போதும் வெற்றிலைப் பையிலேயே வைத்திருந்ததால் அட்டை முழுக்கச் சுண்ணாம்பு.

தொண்ணூற்றாறு கார்த்திகையில் மூச்சிளைப்பு முற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வருஷம் மழை பேய்மழை. பழனிசாமி ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனான். அவள் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேசுவதற்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு எடுத்தாள்.

“ஆரஞ்சு எதுக்கு? நீ திங்கறதுக்கா?”

“உனக்குத்தான். வாய மூடிட்டுத் தின்னு.”

“தடத்துல ஆளு போவுதா?”

“மழைக்கு எவன் போவான்?”

அதைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. அவன் கை கொடுத்து உட்கார வைத்தான். ஆள் போகாத தடத்தைக் காடு ஒரு மழையில் மூடிவிடும் என்று அவனுக்கும் தெரியும். மூடின தடத்துக்கு மறுபடி எவனாவது கேட் போடுவான் என்றும் தெரியும்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூச்சு எடுத்து, சொன்னாள்.

“ரெண்டாவது ஓடைக்கிட்ட மூங்கில் சாஞ்சு தடத்த அடைச்சுட்டுக் கெடக்குதாமா, தங்கம்மா சொன்னா. மழை வுட்டதும் மொத வேலையா அருவாள எடுத்துட்டுப் போயி வெட்டிப்போடு. வெட்டுனத மேட்டுப் பக்கமாத் தள்ளு. பள்ளத்துப் பக்கம் போட்டுராத, தண்ணி அடைச்சுக்கும்.”